ஜெசிந்தா சொல்லவில்லை

நிவேதா பாப்பாவுக்கு,

உன் அப்பா எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிற அளவுக்கு என்ன வந்துவிட்டது என்று நீ நினைப்பாய். பேசிவிடலாம் என்று மூன்று நாள் முயன்றேன், வாய் வரவில்லை. போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பட்டியல் எழுத நீ, நான், அம்மா மூன்று பேரும் உட்கார்ந்தோம். சுத்துக்கேணி மாமா வீட்டில் ஆரம்பித்து, மூலக்குளத்தில் நமக்கு இன்டர்நெட் லைன் தருகிற கம்பெனிக்காரர்கள் வரைக்கும் எழுதிய பிறகு அம்மா கேட்டாள், "ஜெசி பேரு எங்கடி?" நீ போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அவ வேணாம்மா" என்றாய். "ஒரே தட்டுல சாப்ட்டு வளந்தவளுங்க, கல்யாணத்துக்குக் கூடவா வேணாம்?" என்று அம்மா விடவில்லை. "எனக்குத் துரோகம் பண்ணவள எப்டிம்மா பக்கத்துல நிக்க வச்சிக்கறது?" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாய். பேனா என் கையில்தான் இருந்தது. நான் அடுத்த பெயரை எழுதினேன்.

அந்தத் துரோகத்தைச் செய்தவன் நான். ஜெசிந்தா உன்னைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அன்றைக்கும் சரி, இன்றைக்கு வரைக்கும் சரி. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மிச்சத்தைப் படிக்கப் பிடிக்காமல் நீ பாதியில் கிழித்துப் போட்டாலும் இந்த ஒரு விஷயம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு வருஷமாக நீ அவள்மேல் வைத்திருக்கும் கோபம் என்மேல் இருந்திருக்க வேண்டிய கோபம். அவள் தலையில் அது விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன், பார்த்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

இந்த ஊரில் எனக்குக் கேபிள்காரர் என்று பெயர். டிவி லைனில் ஆரம்பித்து இன்டர்நெட் லைனுக்கு வந்தவன். வில்லியனூர் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் பாதி வீடுகளுக்கு நான்தான் ஒயர் இழுத்துப் பெட்டி மாட்டியிருக்கிறேன். லைன் கொடுப்பதோடு யாரும் விடுவதில்லை. புதுப் போனைக் கடைக்குக் கொண்டுவந்து நீட்டுவார்கள், "இன்னாவோ மெயில் ஐடி கேக்குதுபா, நீயே போட்டுக் குடு" என்பார்கள். நானும் ஐடி ஒன்று தொடங்கி, பாஸ்வேர்டாக அவர்கள் பெயரையும் பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்றையும் போட்டுத் தருவேன். மறந்துபோனால் மீட்பதற்கு ஒரு நம்பர் கேட்கும், அந்த இடத்தில் என் நம்பரைப் போட்டுவிடுவேன். அவர்கள் நம்பர் ஆறு மாசத்துக்கு ஒருமுறை மாறும், என்னுடையது பதினைந்து வருஷமாக ஒரே நம்பர். அதை நான் உதவி என்றுதான் நினைத்தேன். ஊரில் பாதிப் பேருடைய சாவி என் சட்டைப்பையில் கிடக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. நீ பன்னிரண்டாவது முடித்ததும் கல்லூரிக்கு விண்ணப்பம் போட உனக்கும் கடைக் கம்ப்யூட்டரில் அப்படித்தான் ஒரு அக்கவுண்ட் தொடங்கினேன். உன் முதல் போனை வாங்கித் தந்தபோது அதே அக்கவுண்டைத்தான் அதிலும் போட்டேன். கடைக் கம்ப்யூட்டரில் அது திறந்தபடியே கிடந்தது. மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, திறந்து கிடக்கிறது என்று உனக்குத் தெரியாது.

நான் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது அதில் இல்லை, லைனைப் பிரித்து அனுப்புகிற ரூட்டர் பெட்டியில். எந்த வீட்டிலிருந்து எந்தத் தளத்தைக் கேட்டார்கள் என்று லைன் கொடுப்பவன் நினைத்தால் பார்க்கலாம். உள்ளே என்ன படித்தார்கள், யாரோடு என்ன பேசினார்கள் என்பது தெரியாது. தளத்தின் பெயர் மட்டும் தெரியும், எந்த நேரத்தில் என்பது தெரியும். மற்ற வீட்டுப் பட்டியலை நான் தொட்டதில்லை, அந்த ஒழுக்கம் எனக்கு இருந்தது. சொந்தப் பெண் என்றதும் அந்த ஒழுக்கம் எங்கே போனதோ. நீ கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒருநாள் சாப்பாட்டில் விளையாட்டாகக் கேட்டேன், "இன்னா பாப்பா, பரீட்சைய வச்சிகினு துணிக்கடை சைட்டுலயே குடியிருக்கிற?" அம்மா சிரித்தாள். உன் முகம் சுண்டிப்போனது. நான் அதைப் பார்த்தும் ரசித்தேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். அப்பனுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒன்றும் நடக்காது என்று காட்டிக்கொண்ட திமிர் அது.

அடுத்த வாரமே உன் போனில் விபிஎன் வந்துவிட்டது, நீ போகிற தளங்களை லைன்காரன் கண்ணிலிருந்து மறைக்கிற ஆப். ஜெசிதான் போட்டுத் தந்தாள் என்று பிறகு தெரிந்தது. அவள் அப்போது கம்ப்யூட்டர் படிப்பு படித்துக்கொண்டிருந்தவள், ஏதோ ஓர் இலவச ஆப்பைப் போட்டு, "இனிமே உங்கப்பாவால ஒன்னும் பாக்க முடியாது" என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது ஒரு பாதி நிஜம். ரூட்டரில் உன் பெயருக்கு நேரே ஒரே ஒரு வெளிநாட்டு முகவரி மட்டும் நின்றது. நீ எங்கே போகிறாய், என்ன பார்க்கிறாய், ஒன்றும் தெரியவில்லை. தகப்பனாக நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். "உனக்கென்று ஒரு கதவு வைத்துக்கொண்டாய், நல்லது" என்று நகர்ந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ ஆத்திரம். ஊர் முழுக்க லைன் கொடுக்கிறவனின் பெண் அவனையே மறைக்கிறாளா என்று பொருமினேன்.

அப்புறம் ஒரு மதியம், கடையில் யாருக்கோ சான்றிதழ் பிரின்ட் எடுக்க, உனக்கு விண்ணப்பம் போட்டதற்குப் பிறகு நான் தொடாத பிரவுசரைத் திறந்தேன். தேடும் பெட்டியில் ஓர் எழுத்தை அடித்ததும் கீழே வரிசையாகப் பழைய தேடல்கள் வந்து நின்றன. அதில் எதையும் நான் தேடியதில்லை. மூலையில் வட்டத்துக்குள் உன் போட்டோ இருந்தது. நீ போனில் தேடியதெல்லாம், உன் மெயிலில் வந்ததெல்லாம், நீ எந்த நாளில் எந்தத் தெருவில் இருந்தாய் என்பது கூட, அந்த அக்கவுண்ட் வழியாக என் மேசைக்கு வந்துகொண்டிருந்தது. நீ போட்ட விபிஎன் ரூட்டரில் என் கண்ணைக் கட்டியது. நான் உட்கார்ந்திருந்ததோ உன் அக்கவுண்டுக்கு உள்ளேயே. முதல் நாள் நான் பார்த்தது தற்செயல். அதன் பிறகு ஒன்பது நாள் பார்த்தது தற்செயல் இல்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரமாகப் பார்த்துத் திறந்து, படித்து, மூடினேன்.

என்ன படித்தேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை உன்னிடமிருந்து எடுத்தது போதும். காதல் கீதல் ஒன்றும் இல்லை, ஒரு தப்பும் இல்லை. உனக்கு ஒரு கஷ்டம் இருந்தது, அதற்கு நீயே உதவி தேடி, வியாழக்கிழமைதோறும் டவுனில் ஓர் இடத்துக்குப் போய்வந்தாய். என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் சொல்லவில்லை. நான் சரியாக அதையே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில், குழம்பை ஊற்றிக்கொண்டே, "வியாழக்கிழமை டவுனுக்குப் போறத இத்தோட நிறுத்திடு" என்றேன். உன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "யாருப்பா சொன்னா?" என்று கேட்டாய். "யாரு சொன்னா இன்னா? எனக்குத் தெரியும். நாளைக்கு உன்ன ஒரு வூட்டுக்குக் கட்டிக் குடுக்கணுமா வேணாமா?" என்றேன். கம்ப்யூட்டரில் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. யாரோ சொன்னதாக நீ நினைத்தால் நினைத்துக்கொள் என்று விட்டுவிட்டேன். நீ அந்த வியாழக்கிழமையிலிருந்து போகவில்லை. அதனால் நீ எவ்வளவு பட்டாய் என்று எனக்கு முழுசாகத் தெரியாது. 

மறுநாள் காலை ஜெசி உன்னைத் தேடிக் கடைக்கு வந்தாள். நீ படியிலேயே அவளை நிறுத்திவிட்டாய். நான் உள்ளே ஒயர் முனையில் கிளிப் அடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது. "ஏன்டி இப்டி பண்ண?" என்றாய். "இன்னாடி பண்ணேன்?" என்றாள். "எங்கப்பா கிட்ட நீதான சொன்ன?" "நான் எதுக்குடி சொல்றேன்? சத்தியமா இல்லடி நிவே." நீ குரலை உயர்த்தினாய். "விபிஎன் போட்டுகினுதான எல்லாம் பாத்தேன். அவரால பாக்க முடியாதுன்னு நீயே சொன்ன. அப்போ அவருக்கு எப்டித் தெரியும்? இந்த ஒலகத்துல தெரிஞ்சவ நீ ஒருத்திதான்." பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெசி அழுதுகொண்டே, "மாதா மேல ஆணையா நான் சொல்லலடி" என்றாள். நீ நம்பவில்லை. உன் கணக்கில் உனக்கு இரண்டே வழிதான் தெரிந்தது, ஒன்று லைன், இன்னொன்று ஜெசி. லைனை மூடியாகிவிட்டது என்று நம்பியதால் ஜெசியைக் குற்றவாளி ஆக்கினாய். மூன்றாவது வழி பத்தடி தள்ளி உள்ளே உட்கார்ந்திருந்தது. எழுந்து வந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் இன்னொரு கிளிப்பை எடுத்தேன்.

அவள் அப்புறம் உன்னோடு பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ஒரு மணி நேரம் முன்னாலேயே வருகிற பஸ்ஸுக்கு மாறிக்கொண்டாள். கோள் சொல்கிற பெண் என்று தெருவில் இரண்டு பேர் பேசியது என் காதிலும் விழுந்தது. நீங்கள் இரண்டு பேரும் சின்னப் பெண்கள், தானாகச் சேர்ந்துவிடுவீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வருஷம் போனது. அதற்குப் பிறகு சொல்ல இன்னும் கஷ்டமாகிவிட்டது. தள்ளிப்போட்டவனுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு புதுக் காரணம் கிடைத்தது. அந்த அக்கவுண்டைக் கடையில் மூடியது கூட அந்தச் சண்டைக்கு ஒரு மாசத்துக்குப் பிறகுதான். மனசு மாறி மூடவில்லை பாப்பா, மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தில்.

நீ இப்போது கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறாய். எனக்குத் தெரிந்த தொழிலில் இருந்து உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், அப்பனின் அதிகாரமாக எடுத்துக்கொள்ளாதே. விபிஎன் பொய் இல்லை. பஸ் ஸ்டாண்டிலோ ஓட்டலிலோ யாருடைய வைஃபையிலாவது சேரும்போது அது உபயோகம். என்னைப் போல ஒரு லைன்காரன் உன்னை எட்டிப் பார்ப்பதை அது தடுக்கும், தடுத்தும் இருக்கிறது. ஆனால் ரூட்டரில் நான் பார்த்த பட்டியலை அதற்குப் பிறகு யாருமே பார்க்க முடியாது என்று நினைக்காதே. அதே பட்டியலை அந்த விபிஎன் நடத்துகிறவன் பார்க்கலாம், அவன் எந்த ஊரில் இருக்கிறான், யார், எதை எழுதி வைக்கிறான் என்று உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. இலவசமாகக் கொடுக்கிறவன் எதை விற்றுச் சாப்பிடுகிறான் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். நீ யார் என்று சொல்லி உள்ளே நுழைந்த இடத்தில் அது உன்னை மறைக்காது. கேட்டதற்கெல்லாம் சம்மதம் கொடுத்த ஆப்பிடமிருந்து மறைக்காது. யாரோ அனுப்பிய லிங்க்கை நீயே தொட்டால் அது கையைப் பிடித்து நிறுத்தாது. மூலக்குளத்தில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார், போன மாசம் கடைக்கு வந்து, "விபிஎன் போட்டா நம்மள ஒருத்தனும் தொட முடியாதாமே தம்பி, எனக்கும் போட்டுக் குடுபா" என்றார். போனை வாங்கித் திருப்பினால், கண்ணாடி மாதிரியான கவருக்குள் ஒரு சீட்டு. பூட்டு நம்பர், மெயில் பாஸ்வேர்டு, எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில். எனக்குச் சிரிப்பு வந்தது, பாதிச் சிரிப்பில் உன் ஞாபகம் வந்தது. அந்தச் சீட்டை எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலையைச் செய்தேன்.

உன் அக்கவுண்டில் மீட்பு நம்பர் இன்னும் என்னுடையதுதான். இன்று நினைத்தாலும் நான் உள்ளே வர முடியும். நினைக்க மாட்டேன் என்று நான் சொல்வதை நீ நம்பக் கூடாது, நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துகொள். பாஸ்வேர்டை மாற்று, உன் பெயரோ பிறந்த வருஷமோ அதில் வேண்டாம். என் நம்பரை எடுத்துவிட்டு உன்னுடையதைப் போடு. வேறு எந்தெந்தக் கருவியில் உன் அக்கவுண்ட் திறந்திருக்கிறது என்று அதிலேயே ஒரு பட்டியல் இருக்கும், தெரியாததையெல்லாம் வெளியே தள்ளு. நீ போன இடங்களைச் சேர்த்து வைக்கிறதை நிறுத்து. மாப்பிள்ளை நல்ல பையன், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அன்புக்கு அடையாளமாக பாஸ்வேர்டைக் கேட்டால் கொடுக்காதே. கேட்கிற அன்பு எப்படிப்பட்டது என்று உன் அப்பனிடம் பார்த்துவிட்டாய். ஊரில் நான் தொடங்கிக் கொடுத்த மற்ற அக்கவுண்டுகளில் இருந்தும் என் நம்பரை எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே மாற்றச் சொல்கிறேன். "எதுக்குபா, உன்கிட்ட இருந்தா இன்னா?" என்று கேட்கிறார்கள். மாற்ற வேண்டிய இடத்தை விரலால் காட்டுகிறேன்.

ஜெசி மேல் பழி விழுந்தது தெருவில், அதனால் அதைத் துடைப்பதும் தெருவில்தான் நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கடை வாசலில் ஒட்ட ஆசை. ஆனால் இது உன் கதையும் கூட, உன்னைக் கேட்காமல் வெளியே வைத்தால் பழைய தப்பையே இன்னொரு முறை செய்கிறவன் ஆவேன். முதல் பிரதி உனக்கு. எந்த வரி வேண்டாமோ அதை அடித்துக் கொடு, எடுத்துவிடுகிறேன். முழுசுமே வேண்டாம் என்றால் அந்த டீக்கடையில் நின்று வாயால் சொல்வேன், உன் வியாழக்கிழமையைத் தொடாமல் என் தப்பை மட்டும்.

நேற்று காலை மாதா கோயில் தெருவில் இருக்கும் ஜெசி வீட்டுக்குப் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. அவள் வெளியூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள், லீவில் வீட்டில் இருந்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "ஜெசிம்மா, அன்னைக்கு நிவேதாவப் பத்தி எனக்குச் சொன்னது யாரும் இல்லம்மா, கடைக் கம்ப்யூட்டர்ல நானே பாத்தேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, "தெரியும் அங்கிள்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "சண்டை போட்டு ஒரு வாரம் இருக்கும், ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்க வந்தேன். அந்தப் பக்கம் உங்க கடைய வுட்டா வேற எங்க போறது? அப்போ ஸ்கிரீன் மூலையில அவ போட்டோ இருந்துச்சு. பாத்த ஒடனே புரிஞ்சிபோச்சு. நான் போட்டுக் குடுத்த விபிஎன்னால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. எல்லாம் மறைஞ்சிடும்னு அவளுக்குத் தைரியம் சொன்னது நான்தான அங்கிள்" என்றாள்.

"அப்போ ஏம்மா அவகிட்ட போய்ச் சொல்லல? நாலு வருஷமா உன் பேரக் கெடுத்துகினு..." என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவ அப்போ இருந்த நெலமைக்கு, உங்கப்பாதான் உன் போனப் பூரா படிக்கிறாருன்னு சொன்னா அந்த வூட்ல அவளால ஒரு நாள் இருக்க முடியுமா அங்கிள்? வேற எங்க போவா? நான் கெட்டவளா இருந்தா அவளுக்கு ஒரு ஃபிரெண்டுதான் போறா. நீங்க கெட்டவரா ஆனா அவளுக்கு வூடே போயிடும்."

பாப்பா, உன்னைப் பாதுகாக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உன்னைத் திறந்து படித்தவன் நான். தன் பெயரைக் கொடுத்து உன்னைப் பாதுகாத்தவள் அவள். அங்கே உட்கார்ந்து நான் அழுதேன், அவள் அம்மா பார்க்கும்படி அழுதேன். பத்திரிகை ஒன்றை எடுத்துப் போயிருந்தேன், கொடுக்கவில்லை. கொடுக்கும் தகுதி எனக்கு இல்லை. அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பெயர் எழுதவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஊரில் இருக்கிறாள். அவளைப் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் போ. நான் கூட வர மாட்டேன். திரும்பி வந்ததும் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று கேட்கவும் மாட்டேன்.

அப்பா